சாமிக்கும் துடக்கு

எனக்கு வாய் முதலில் பேசிவிடும், புத்தி பின்னால் மெதுவாக வந்து சேரும். இதை என் வீட்டுக்காரர் கல்யாணமான மூன்றாம் மாதமே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். மனுஷன் தாலுகா ஆபீஸில் வேலை பார்ப்பவர், எதையும் யோசித்து யோசித்துத்தான் பேசுவார். அவர் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நான் நாலு பேரிடம் சண்டை போட்டு வந்திருப்பேன். அப்படி நான் யோசிக்காமல் கொடுத்த வாக்குகளிலேயே பெரியது, அண்ணாமலையார் சார்பில் நான் கொடுத்த வாக்கு.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. இலங்கைக் கலவரத்துக்குத் தப்பி வந்தவர்களில் சில நூறு குடும்பங்களைத் திருவண்ணாமலைக்கு வெளியே முகாம் போட்டுக் குடியமர்த்தியிருந்தார்கள். நீளமான கொட்டகைகள், உள்ளே புடவையும் சாக்கும் கட்டிப் பிரித்த அறைகள். அந்தப் பிள்ளைகள் எங்கள் பெண்கள் பள்ளிக்கு வந்தார்கள். என் ஆறாம் வகுப்பில் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். கெட்டிக்காரி. கணக்கில் என்னையே திருத்துவாள். "டீச்சர், அது பிழை" என்று எழுந்து நின்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதற்குப் பதிலாகச் சிரிப்பு வரும்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது என் வழக்கம். எல்லாரும் ராஜகோபுரத்துக்குள் ஓடுவார்கள். இவள் மட்டும் வெளியே நின்று செருப்புகளுக்குக் காவல் இருப்பாள். கிறிஸ்தவக் குடும்பமாக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் கேட்டபோது, "இல்லை டீச்சர், நாங்கள் சைவம். எங்களுக்குத் துடக்கு. உள்ளுக்குப் போகக்கூடாது" என்றாள். துடக்கு என்றால் அவர்கள் ஊரில் தீட்டு. எத்தனை நாளாக என்று கேட்டேன். "ஒண்டரை வருசமா" என்றாள் அந்தப் பிள்ளை, சாதாரணமாக.

ஒன்றரை வருஷத் தீட்டா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு தாயா, பச்சைப் பிள்ளையைத் தெருவில் நிற்க வைத்துக்கொண்டு என்று பொருமிக்கொண்டே அன்று சாயங்காலமே முகாமுக்குப் போனேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அந்த அம்மாளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்க முடியவில்லை. என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து. ஸ்டவ்வை மூட்டக்கூட மறந்து அதன் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

அவளாகவே சொன்னாள். கலவரம் வந்த அன்று அவளும் மகளும் பக்கத்து வீட்டில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்கள். புருஷனும் இரண்டு பையன்களும் கடையில் இருந்தார்கள். வெளியே வந்து பார்த்தபோது கடையும் இல்லை, தெருவும் இல்லை. எரிந்து போனார்களா, யாராவது எடுத்துப் புதைத்தார்களா, ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு கோயில் மண்டபம், கப்பல், இந்த முகாம்.

"கொள்ளி வைக்கேல்லை டீச்சர். எட்டுச் செலவு இல்லை, முப்பத்தொண்டாம் நாள் காரியம் இல்லை. அதெல்லாம் செய்தாத்தானே துடக்குக் கழியும்? செய்ய ஆம்பிளைப் பிள்ளை இல்லை, பங்காளி இல்லை. நாங்கள் ரெண்டு பேரும்தான் மிச்சம்" என்றாள்.

முகாமுக்கு வந்த ஒரு புரோகிதரிடம் கேட்டிருக்கிறாள். உடம்பைக் கண்ணால் பார்க்காமல் போனால் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும், பிறகு ஆண்வழியில் யாராவது செய்யலாம் என்று அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவளும் சரி என்று ஏற்றுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விளக்கு ஏற்றுவதில்லை. ஒரு நல்லது பொல்லாததுக்குப் போவதில்லை. மகளையும் போகவிடுவதில்லை.

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் கழியும்போது அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு முடிந்திருக்கும். அதுவரைக்கும் சாவு வீட்டுக்குள்ளேயே வளர்வாளா? வயசுக்கு வந்தால் தண்ணீர் ஊற்ற மாட்டார்களா? ஒரு சிநேகிதி வீட்டுக் கல்யாணத்துக்குப் போக மாட்டாளா? வீட்டுக்கு வந்து புலம்பித் தீர்த்தேன். "அந்தம்மாவுக்கு நம்பிக்கை அது. நீ போய் குட்டையைக் குழப்பாதே" என்றார் வீட்டுக்காரர். யார் கேட்டார்கள் அவரை!

எனக்கும் சாமிக்கும் அந்தச் சமயத்தில் பேச்சுவார்த்தை சரியில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முகாம் சனங்கள் சொன்னதையெல்லாம் கேட்ட பிறகு எனக்குக் கும்பிடப் பிடிக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவேன், பிராகாரம் சுற்றுவேன், சன்னிதியில் மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வேன். தெருவே எரியும்போது எங்கே போயிருந்தாய் என்ற கேள்விக்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை. குருக்களிடம் கேட்டால் கர்மா என்றார். அவரோடும் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

தைப்பூசம் வந்தது. அன்றைக்கு அண்ணாமலையார் ஈசானிய குளத்துக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தீட்டு என்றால் கோயிலுக்குள்தானே போகக்கூடாது? சாமியே வெளியே வரும்போது பார்ப்பதில் என்ன தப்பு? மேளம், கூட்டம், பொரி, கரும்பு என்று நாலு மனுஷ முகத்தைப் பார்த்தால் மனசு கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தேன். "கோயிலுக்கு வரவேணாம்க்கா, குளத்தங்கரையில தூரமா நில்லுங்க, பாப்பா பார்க்கட்டும்" என்று கெஞ்சி, மிரட்டி, கடைசியில் கையைப் பிடித்து இழுத்தே கூட்டிக்கொண்டு போனேன்.

போகும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நாதஸ்வரமும் தவிலும் வெளுத்து வாங்கின. அந்தப் பெண் கரும்பைக் கடித்துக்கொண்டு கூட்டத்தை வாய் பார்த்தது. சாமி தீர்த்தம் ஆடினார். திரும்பும் நேரத்தில் மேளம் டக்கென்று நின்றுவிட்டது. தவில்காரர்கள் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். பல்லக்கு சத்தமே இல்லாமல் நகர்ந்தது. கூட்டமும் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

எனக்கு அப்போதுதான் பொட்டில் அடித்த மாதிரி ஞாபகம் வந்தது. அடிப்பாவி! இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான், வருஷா வருஷம் பார்த்தது. சின்ன வயதில் பொரி தின்கிற கவனத்தில் பார்த்ததால் இது மட்டும் புத்தியில் நிற்கவே இல்லை. சாவை மறக்கட்டும் என்று ஒருத்தியை இழுத்து வந்து, நேராகச் சாவுச் செய்தி வருகிற இடத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

"ஏன் டீச்சர் மேளம் நிண்டுட்டுது?" என்றாள் அந்த அம்மாள்.

மழுப்பத் தெரியவில்லை எனக்கு. சொன்னேன். அந்தக் காலத்தில் இந்த ஊரை ஆண்ட ஒரு ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. காரியம் செய்யக்கூட ஒருத்தன் இல்லையே என்று மருகிக்கொண்டிருந்தார். ஒருநாள் அண்ணாமலையார் கைக்குழந்தையாக வந்து, ராஜா தூக்கப் போனதும் மறைந்து, கவலைப்படாதே, நானே உனக்குப் பிள்ளையாக இருந்து எல்லாம் செய்கிறேன் என்று சொன்னார். ராஜா சண்டையில் செத்துப்போனார். அந்தச் செய்தி சாமிக்கு வந்து சேர்கிற நாள் இது. அதனால்தான் மேளம் இல்லாமல் கோயிலுக்குத் திரும்புகிறார். வருகிற மாசி மகத்தன்று பள்ளிகொண்டாபட்டு ஆற்றங்கரைக்குப் போய் ராஜாவுக்குத் திதி கொடுப்பார்.

அவள் பல்லக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப சாமிக்கும் துடக்கோ?" என்றாள்.

"ஆமாக்கா. மாசி மகம் வரைக்கும் அவருக்கும் தீட்டுதான்" என்று அடித்து விட்டேன். அது சரியா தப்பா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

"வருசா வருசம் செய்யிறவரோ? பெறாத தகப்பனுக்கு?"

"வருஷா வருஷம்."

அப்போதுதான் அவள் அழுது நான் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். மகள் கரும்பைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எங்கட ஆக்களுக்கும் செய்வாரோ டீச்சர்?"

"செய்வாருக்கா! ஏன் செய்யமாட்டாரு? கேட்டா மாட்டேன்னா சொல்லுவாரு?" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் விசாரிக்கவே தோன்றியது. மறுநாள் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அப்பாவை, கோயிலில் தவில் வாசிப்பவரை, நிறுத்திக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அது ராஜாவுக்குக் குடுத்த வாக்கு டீச்சர். எல்லாருக்கும் குடுக்க ஆரம்பிச்சா சாமி ஆத்தங்கரையிலயே வூடு கட்டிக்கினு இருக்க வேண்டியதுதான்" என்றார். வீட்டில் சொன்னால், "சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா வாக்கு குடுத்தே?" என்றார் என் வீட்டுக்காரர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்த ஒரு மாசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அங்கே முகாமில் அவள் எள்ளை வாங்கிக் கழுவி, காயவைத்து, வெள்ளைத் துணியில் முடிந்து வைத்திருந்தாள். வகுப்பில் அந்தப் பெண், "டீச்சர், இன்னும் பன்னெண்டு நாள்", "டீச்சர், இன்னும் ஒம்பது நாள்" என்று தினம் வந்து காதில் சொல்லும். அதன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை முகாம் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். ஒருநாள் மத்தியானம் சன்னிதியில் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போய் நின்றேன். வெகுநாள் கழித்து அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். பேசினேன் என்ன, சண்டை போட்டேன். "ராஜான்னா போவே, ஏழைன்னா போகமாட்டியா? இதென்ன கவர்மெண்டு ஆபீஸா, லிஸ்டுல பேர் இருந்தாத்தான் செய்வேங்கிறதுக்கு? நான் வாக்கு குடுத்துட்டேன். இனிமே உன் பாடு" என்று சொல்லிவிட்டு விபூதிகூட வாங்காமல் வந்துவிட்டேன்.

மாசி மகத்தன்று விடிகாலையிலேயே புளிச்சோறு கிளறித் தூக்குப்பாத்திரத்தில் அடைத்துக்கொண்டு கிளம்பினேன். அவளும் மகளும் ரோட்டில் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். பஸ்ஸில் கொஞ்ச தூரம், பிறகு சனத்தோடு சனமாக நடை. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்திருந்ததால் ஆற்றில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. கரையெல்லாம் மாட்டு வண்டி, டிராக்டர், பலூன்காரன், மோர்ப்பந்தல். சுற்று ஊர்க்காரர்கள் தங்கள் பெரியவர்களுக்கும் அங்கேயே எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாமி வந்தார். பிள்ளைக்குரிய முறைப்படி ராஜாவுக்குத் திதி நடந்தது. கூட்டத்தில் எக்கி எக்கிப் பார்த்தோம். எல்லாம் முடிந்து கூட்டம் ஆற்றில் இறங்கத் தொடங்கியபோது அவள் முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். சாமி ராஜாவுக்கு மட்டும்தான் குடுக்கும். வேற யாருக்கும் குடுக்காதாம். விசாரிச்சேன். என்னை மன்னிச்சிடுங்க" என்று கொட்டிவிட்டேன். காலில் விழாத குறை.

அவள் கோபப்படவில்லை. "தெரியும் டீச்சர். நீங்கள் சொல்லேக்கையே தெரியும். உங்கட முகத்திலை பொய் நிக்காது" என்றாள்.

"அப்புறம் ஏன்க்கா வந்தீங்க?"

"செய்விக்க வரேல்லை. அவரைப் பாக்க வந்தனான். அண்டைக்குக் குளத்தடியிலை மேளமில்லாமல் போனாரே, அதைப் பாத்தாப் பிறகு எனக்கு ஒரே யோசினை. ராசாவின்ரை வயித்திலையோ அவர் பிறந்தவர்? இல்லை. ஆரோ ஒரு மனுசன் அழுதான் எண்டு வந்து பிள்ளையாய் நிண்டு செய்யிறார். நான் கட்டினவள். நான் பெத்தவள். எனக்கென்ன தடை?"

சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். பொம்பளை செய்யக்கூடாது என்று யாராவது வந்து தடுப்பார்களோ என்று நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். வந்திருந்தால் அன்று அவர்கள் என் வாயில் விழுந்திருப்பார்கள். யாரும் வரவில்லை. அவள் மலை இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு தெற்கே திரும்பி நின்று புருஷன் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டாள். பெரியவன் பேர். சின்னவன் பேர். சின்னவன் பேரைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. மகள் தானும் அந்தப் பேரைச் சேர்ந்து சொன்னது.

முடிந்தது என்று நினைத்துக் கரையிலிருந்து துண்டை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. மறுபடி எள்ளை எடுத்தாள். "தையல்காரர். அவரின்ரை மனுசி. கைக்குழந்தை" என்றாள். அடுத்து பேக்கரிக்காரர் வீடு. அடுத்து ஒரு போஸ்ட்மேன். ஒரு வீடு விடாமல் தெருவின் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் திரும்பினாள். ஆள் மிச்சமில்லாமல் போன வீடுகள் அவை. அவர்களுக்கும் யாருமில்லை. முடிச்சில் இருந்த எள் தீர்ந்துபோனது. அவள் கை அப்படியே நின்றது.

நான் கரையோடு ஓடினேன். பக்கத்து ஊர்ப் பெண்கள் சிலர் தங்கள் காரியத்தை முடித்துவிட்டுப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். "கொஞ்சம் எள்ளு இருந்தா குடுங்கம்மா" என்றேன்.

"யாருக்கும்மா இம்மாம் எள்ளு?" என்றாள் அதில் ஒருத்தி.

"அதோ அந்தம்மாவோட தெருவுக்கு."

"தெருவுக்கா?" என்று அவள் ஆற்றைப் பார்த்தாள். நான் இரண்டு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னேன். "அட கடவுளே" என்று நெஞ்சில் கை வைத்தவள், இருந்த எள்ளை எடுத்துக்கொண்டு மறுபடி தண்ணீருக்குள் இறங்கினாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள். "பேரைச் சொல்லும்மா, நாங்களும் ஆளுக்கு ரெண்டு கை வுடறோம். எத்தினி பேரா இருந்தாலும் சொல்லு" என்றாள். அக்கா சொல்லச் சொல்ல இவர்கள் விட்டார்கள். நானும் இறங்கி எள்ளும் தண்ணீரும் விட்டேன். ஊர் பேர் தெரியாத போஸ்ட்மேனுக்கு, கண்ணால் பார்த்தே இராத கைக்குழந்தைக்கு. கடைசியாக ஒரு பேர் சொன்னாள். வேற்றுப் பாஷைப் பேராக இருந்தது.

"எங்களை ஒளிச்சு வைச்ச சிங்கள மனுசி. எங்களை வைச்சிருந்ததுக்காகப் பிறகு அவவையும் அடிச்சுச் சாகடிச்சுப்போட்டினம்" என்றாள். அந்தப் பேரை அந்த ஊர்ப் பெண்களால் சரியாகச் சொல்ல வரவில்லை. "அந்தப் புண்ணியவதிக்கு" என்று சொல்லி எள்ளை விட்டார்கள். மற்ற எல்லாரையும்விட அவளுக்குத்தான் நிறைய விட்டார்கள்.

மூன்று முழுக்குப் போட்டாள். மகளையும் முக்கி எடுத்தாள். கரையேறி மகளின் தலையைத் துவட்டிவிட்டு, "இனித் துடக்கு இல்லை பிள்ளை" என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, "நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு கோயிலுக்கு உள்ளுக்குப் போகலாமோ?" என்று கேட்டது. "போ. வடிவாப் பாத்துக் கும்பிட்டுட்டு வா" என்றாள் அம்மா. அதுவரை என் நெஞ்சில் ஒரு மாசமாக உட்கார்ந்திருந்த பாரம் எந்த நிமிஷத்தில் இறங்கியது என்று தெரியவில்லை. பல்லக்கு இருந்த பக்கம் திரும்பினேன். தெரு எரிந்தபோது எங்கே போயிருந்தாய் என்ற கேள்வி இன்னும் என்னிடம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் இழவு வீட்டுக்கு நடந்து வருகிற சாமி ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். கையெடுத்துக் கும்பிட்டேன். எங்களுக்குள் பேச்சுவார்த்தை சரியானது அப்படித்தான்.

"பசிக்குது டீச்சர்" என்றாள் அந்த அம்மாள்.

மணலில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தேன். மூன்று பேருக்கும் இலையில் வைத்தேன். முகாமில் நான் பார்த்தவரைக்கும் அவள் எதைப் போட்டாலும் ருசி பார்க்காமல் முழுங்குகிறவள். அன்று இரண்டு வாய் தின்றுவிட்டு நிறுத்தினாள். ஏதோ யோசித்தாள். எனக்குப் பயமாகிவிட்டது, மறுபடி அழப்போகிறாளோ என்று.

"உப்புக் காணாது டீச்சர்" என்றாள்.

என் சமையலை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். என் மாமியாரே அந்தத் தப்பை ஒரு தடவைக்கு மேல் செய்ததில்லை. அன்று கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான், அவசரத்தில் பாதி உப்புதான் போட்டிருக்கிறேன்.

"பெரிய சமையல்காரிதான் போங்க. அப்ப நீங்களே ஆக்கிக் கொண்டாறதுதானே?" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஓம். அடுத்த வருசம் நான் சமைச்சுக்கொண்டு வாறன்" என்றாள்.